வண்டிக்குக் கட்டிய காப்பு

மடுகரை அரங்கநாதன் மோட்டார் வாங்கியதற்கு ஊரில் இரண்டு காரணம் சொன்னார்கள். இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் கரும்பு நன்றாக விளைந்துவிட்டது, ஆளுக்குக் கால் தரையில் பாவவில்லை என்றார்கள். இன்னொரு காரணம் அவனே சொன்னது. "அன்னைக்கு மட்டும் இந்தப் பக்கம் ஒரு மோட்டாரு இருந்திருந்தா, எம் மருமவன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பேன். பொழைச்சிருப்பான்." இதைக் கேட்ட பிறகு யாரும் அவனைக் கேலி பேசவில்லை. என்னைக் கேட்டால் இரண்டுமே உண்மைதான். மனுஷன் எதையாவது ஒரே காரணத்துக்காக வாங்கியிருக்கிறானா?

மருமகன் என்றது தங்கை தனக்கொடியின் மகன் பலராமனை. அரங்கநாதனுக்கும் விருத்தாம்பாளுக்கும் பிள்ளை கிடையாது. ஆகவே தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட அந்த ஒரே பையன்மேல்தான் வீட்டின் ஆசை எல்லாம். மாமன் சீராக வலது கைக்கு வெள்ளியில் ஒரு காப்பு அடித்துப் போட்டிருந்தான். இரண்டு முனையிலும் பூமொட்டு வைத்த காப்பு. பையன் வளர்ந்த பிறகும் போடட்டும் என்று கொஞ்சம் பெரிதாகவே அடித்துவிட்டதால் அது கையில் நிற்காமல் கழன்று கழன்று விழும். ஒரு பொங்கலன்று அரங்கநாதன் அதைக் கல்லில் வைத்து, இன்னொரு கல்லால் தட்டி இறுக்கினான். தட்டியதில் ஒரு மொட்டு நசுங்கிப் போயிற்று. "இதுக்கு மேல தொலைச்ச, தோல உரிச்சிடுவேன்டா" என்று கண்ணை உருட்டினான். பையன் சிரிக்கவில்லை. மாமா சொன்னால் செய்வார் என்று நம்புகிற வயசு, ஆறு.

அடுத்த மாசி மாசத்தில் அவன் போய்விட்டான்.

தனக்கொடி வாழ்க்கைப்பட்ட ஊர் மடுகரையிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் நடுவில் ஓடிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன், அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன். பலராமன் தெருவைக் கடக்கும்போது ஒரு கறுப்பு மோட்டார் வந்து அடித்தது, நிற்கவில்லை, வெற்றிலை மெல்லும் நேரத்துக்குள் வாய்க்காலைத் தாண்டிப் பிரெஞ்சு எல்லைக்குள் போய்விட்டது. இங்கிலீஷ் போலீஸ்காரன் வந்து, வண்டி எங்கள் எல்லையில் இல்லையே என்றான். பிரெஞ்சுப் போலீஸ்காரனிடம் போனால், அடிபட்டது எங்கள் ரோட்டில் இல்லையே என்றான். வரப்புச் சண்டை என்றால் ஓடோடி வருகிற இரண்டு சர்க்காரும் ஒரு குழந்தை செத்ததற்குக் கையை விரித்துவிட்டன.

வண்டியைப் பார்த்தவன் ஒரே ஒருத்தன், கருவாடு விற்கிற கலியன். நல்லவாட்டுக் கடற்கரையிலிருந்து வாரம் இரண்டு தடவை காவடியில் இரண்டு கூடை கட்டித் தோளில் போட்டு நடந்தே வருவான். மடுகரைப் பக்கம் அவன் கருவாடு போகாத வீடு இல்லை. அன்றைக்கு அவன்தான் காவடியை ரோட்டிலேயே போட்டுவிட்டுப் பையனை வாரித் தூக்கிக்கொண்டு தனக்கொடி வீட்டுக்கு ஓடினான். வாசலுக்கு வந்தபோது குழந்தை உயிரோடு இல்லை.

தகவல் தெரிந்து அரங்கநாதன் வாய்க்காலில் இறங்கி ஓடிவந்து சேர்ந்தபோது, பெண்கள் பையனைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வலது கையில் காப்பு இல்லை. துக்கத்துக்கு ஒரு கோபம் கிடைத்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். "காப்பு எங்க?" என்று அவன் கத்தினான். புல்லுக்கட்டோடு வந்த வேலம்மாள் என்கிற கிழவி தயங்கித் தயங்கி, தான் கேட்டதைச் சொன்னாள். கலியன் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, "காப்பு எங்கிட்டதான் கீது, எங்கிட்டதான் கீது" என்று சொல்லிக்கொண்டே ஓடினானாம். அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

கலியன் வேப்பமரத்தடியில் ரத்தம் தோய்ந்த துண்டோடு நின்றிருந்தான். "ஐயா, புள்ள இன்னா சொல்லிச்சின்னா..." என்று ஆரம்பித்தான். அதற்குள் அரங்கநாதன் கை அவன் கன்னத்தில் இறங்கிவிட்டது. ஒரு அறை, இரண்டு அறை. ரோட்டில் கிடந்த கூடைகளைக் கவிழ்த்தார்கள், தெரு முழுக்கக் கருவாடு இறைந்தது. மடியை அவிழ்த்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. இல்லை என்பதே அவன் கெட்டிக்காரத் திருடன் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. செத்த பிள்ளை கையிலிருந்து உருவினவன் என்று அந்த ரோட்டில் இருந்த ஊர்கள் எல்லாம் பேசின. அதற்குப் பிறகு கலியன் அந்தப் பக்கம் வரவில்லை.

தனக்கொடி காப்பைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் கேட்டது வேறு. அண்ணன் எப்போது போனாலும் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து, "உசுரு போறப்ப எம் புள்ள இன்னா சொன்னானோ அண்ணா? தண்ணி கேட்டானோ? என்னைக் கூப்பிட்டானோ?" என்பாள். அரங்கநாதன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான். பதில் தெரிந்த ஒரே ஆளை அவன்தானே அடித்து விரட்டினான்?

இரண்டு வருஷம் கழித்துத்தான் மோட்டார் வந்தது. பாண்டிச்சேரியில் ஒரு ஜவுளி வியாபாரி வைத்திருந்த பழைய வண்டி. கிளிப்பச்சை நிறம், அப்போதுதான் வர்ணம் அடித்தது, முகம் பார்க்கலாம் போல மினுங்கியது. வியாபாரி வெற்றிலைத் தட்டை நகர்த்தி, "ஒரு கீறல் கெடையாது. கோயிலுக்கும் கடைக்கும் தவிர எங்கயும் போனதில்ல" என்றார். அரங்கநாதன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்கத் தெரியும், மோட்டாருக்கு எதைப் பிடித்துப் பார்ப்பது என்று தெரியவில்லை. திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது.

அப்போது அந்த வீட்டு டிரைவர் சாமிக்கண்ணு பக்கத்தில் வந்தான். வில்லியனூர்க்காரன், நாற்பது வயசிருக்கும், ஆளைப் பார்த்துப் பேசாமல் தரையைப் பார்த்துப் பேசுகிறவன்.

"ஐயா, சீட்டுக்கு அடியில காப்பு கீதுங்க. அத மட்டும் எடுத்துப் போட்டுடாதீங்க."

அரங்கநாதன் குனிந்து பார்த்தான். முன் சீட்டுக்குக் கீழே இரும்புச் சட்டத்தில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது. அவனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "வண்டிக்குக் காப்பு கட்டியிருக்கா! எந்தக் கோயில்ல?"

சாமிக்கண்ணு தரையைப் பார்த்தான். "திரௌபதையம்மனுக்கு முடிஞ்சதுங்க" என்றான்.

போதாதா? திருவிழாவில் ஆட்களுக்குக் காப்பு கட்டுவார்கள், மஞ்சள் கயிறு. வண்டிக்கே காப்புக் கட்டி ஓட்டியவர்கள் எப்பேர்ப்பட்ட பக்தர்களாக இருக்க வேண்டும்! அரங்கநாதன் அங்கேயே அந்த முடிச்சைக் கும்பிட்டு, அதை நம்பித்தான் வண்டியை வாங்கினான். புறப்படும்போது சாமிக்கண்ணுவுக்கு வேட்டி துண்டு கொடுத்தான். அவன் வாங்கிக்கொள்ளவில்லை. ஓட்டிப் பழகிய வண்டியைப் பிரிகிற வருத்தம் போலிருக்கிறது என்று அரங்கநாதன் நினைத்துக்கொண்டான்.

வண்டி ஓட்டப் பழகியபின் நெட்டப்பாக்கம், பாகூர் என்று போய் வந்தான். வாய்க்காலுக்கு அந்தாண்ட மட்டும் ஓட்டமாட்டான். கரையிலேயே நிறுத்திவிட்டுத் தங்கை வீட்டுக்கு நடந்து போவான். அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு நாள் அவளே, "வாங்கினது நல்லதுதான் அண்ணா. வேற எந்தப் புள்ளைக்காச்சும் ஒதவும்" என்றாள். அதைக் கேட்டதும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த மஞ்சள் முடிச்சுக்குக் கற்பூரம் காட்டினான். கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலையில் வண்டியைக் களத்தில் நிறுத்திக் கழுவினார்கள். விருத்தாம்பாள் ஏறும் படியில் காய்ந்த சேற்றைத் தேங்காய் நாரால் தேய்த்தாள். பச்சை உரிந்தது.

"இன்னாங்க, உள்ள கறுப்பா கீதே?"

"பழைய வண்டின்னா நாலு வர்ணம் அடிச்சிருப்பான். நீ தேய்க்காத, விடு."

அவள் அந்தப் படியையே பார்த்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். பிறகு சீட்டைத் தூக்கி வெளியே வைத்தாள். "காப்புத் துணி எண்ணெயில ஊறி அழுக்கா பூடுச்சி. புதுத் துணியில முடிஞ்சி வைக்கலாங்க" என்று, அவன் சரி என்பதற்குள் பல்லால் முடிச்சைக் கடித்து அவிழ்த்துவிட்டாள்.

முதலில் விழுந்தது நேர்த்திக்கடனுக்கு முடிகிற காசு. அடுத்து விழுந்தது காப்பு. நிஜமான காப்பு, ஒரு சின்னக் கைக்கான வெள்ளிக் காப்பு. இரண்டு மொட்டில் ஒரு மொட்டு நசுங்கியிருந்தது.

அரங்கநாதன் அதை எடுக்கவில்லை. எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. தான் தட்டிய தட்டு தனக்குத் தெரியாதா? ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். விருத்தாம்பாள் மார்பில் கையை வைத்துக்கொண்டு, "ஐயோ, கொழந்த கைக் காப்பு" என்றாள். அன்றைக்கு ஒரு மோட்டார் இருந்திருந்தால் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தானே, அன்றைக்கு மோட்டார் இருக்கத்தான் இருந்தது. இதே மோட்டார். இதற்குத்தான் நாலு மாசமாகக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து விருத்தாம்பாள்தான் அந்தப் பெயரைச் சொன்னாள்.

"அப்ப கலியன்?"

அவன் எழுந்து சட்டையைப் போட்டான்.

பாண்டிச்சேரியில் ஜவுளி வியாபாரி மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க பாத்துத்தானே வாங்கினீங்க? நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தலியே" என்றார். காப்பைக் கண்ணுக்கு நேரே நீட்டியதும் உள்ளே போய்விட்டார், வெளியே வரவில்லை. சாமிக்கண்ணு அந்த வேலையை விட்டுவிட்டு வில்லியனூரில் கோயில் தேர் நிற்கிற இடத்தில் மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அரங்கநாதனைப் பார்த்ததும் வண்டியிலிருந்து இறங்கி, அடி வாங்கப் போகிறவன் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னேனே ஐயா. காப்பு கீதுன்னு சொன்னேனே."

சொன்னான்தான். ஒரு எழுத்துக் குறையாமல் உண்மையைத்தான் சொன்னான்.

"முதலாளி பின்னால குந்திக்கினு இருந்தாரு. நிறுத்தாத, எல்லை வந்துடுச்சி, ஓட்டுன்னாரு. ஓட்டிட்டேன். வூட்டுக்கு வந்து கழுவறப்ப, ஏறுற படியில மாட்டிக்கினு இருந்திச்சி. தூக்கிப் போட கை வரல. வச்சிக்கவும் முடியல. அம்மன் பேர்ல காசோட முடிஞ்சி கட்டினேன். வாங்குறவங்க யாராச்சும் பிரிச்சிப் பாத்து, இது யாரு காப்புன்னு கேக்க மாட்டாங்களான்னு இருந்திச்சி." அவன் அழுதான். "நீங்க கும்புட்டுட்டீங்க ஐயா."

இவனை அடிக்க அரங்கநாதனுக்குக் கை எழவில்லை. ஒரு தடவை அடித்ததே போதும் என்று இருந்தது.

அடுத்த நாள் நல்லவாட்டுக்கு அவன் நடந்து போனான். மோட்டாரைத் தொடவே கூசியது. வெயில் ஏறுகிற நேரம், கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இருபது பேர் கயிற்றைப் பிடித்துப் பின்னால் பின்னால் நடந்து வர, கடைசியில் கலியன் இருந்தான். சொந்தமாகக் கூடை கட்டி ஊர் ஊராக விற்றவன், கூலிக்கு வலை இழுக்கிறான். ஆள் பாதியாகியிருந்தான். அரங்கநாதனைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டு ஒரு எட்டுப் பின்னால் போனான். அந்த ஒரு எட்டு அரங்கநாதனைச் சுட்டது.

அரங்கநாதன் உள்ளங்கையை விரித்துக் காப்பைக் காட்டினான். எங்கே கிடைத்தது என்று சொன்னான். கலியன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுதானா அது? நான் பாத்ததேயில்லிங்க."

"கலியா, நான் பண்ணது பாவம். நீ என்ன வேணா சொல்லு, அடிக்கணும்னா அடி."

"அடிச்சி இன்னா ஆவப்போவுது?" கலியன் மணலில் உட்கார்ந்தான். "அன்னைக்கே ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் நீங்க."

"கேக்கல. இப்ப கேக்கறேன். அப்புறம் ஏன் அப்படிச் சொன்ன? காப்பு எங்கிட்ட கீதுன்னு வேலம்மா காதால கேட்டாளே?"

"சொன்னேன். நான் இல்லன்னு எப்ப சொன்னேன்? சொல்ல வுட்டீங்களா?" முதல் தடவையாக அவன் குரல் உயர்ந்தது, உடனே தணிந்தும் விட்டது. "தூக்கறப்ப புள்ளைக்கு உசுரு இருந்திச்சிங்க. கண்ணு நல்லா தெறந்திருந்திச்சி. வலிக்குதுன்னு அழுவல. கையத் தூக்கிக் காட்டி, எங் காப்பக் காணோம், காப்பக் காணோம்னு அழுவுது. மாமா தோல உரிச்சிடுவாரு, தேடிக் குடுன்னு தோள்லேருந்து எறங்கப் பாக்குது. நான் எங்க தேடறது? ஓடறதா, தேடறதா? அதான் சொன்னேன். அழாத கண்ணு, காப்பு எங்கிட்டதான் கீது, எங்கிட்டதான் கீது, மாமாகிட்ட நான் குடுத்துடறேன்னு. சொல்லிக்கினே ஓடினேன்."

அலை வந்து போயிற்று. வலை இழுக்கிறவர்கள் குரல் கொடுத்தார்கள், கலியன் திரும்பவில்லை.

"சொன்னதும் அழுகைய நிறுத்திடுச்சிங்க. எங் கழுத்தக் கட்டிக்கினு, நெசமாவான்னு கேட்டுச்சி. நெசமான்னேன். அவ்வளவுதான். அப்புறம் பேசல. தேடிக்கினே போவலைங்க. கெடைச்சிடுச்சின்னுதான் போச்சு. இத அந்தம்மாகிட்ட சொல்லணும்னுதான் மரத்தடியில நின்னுக்கினு இருந்தேன்."

அரங்கநாதன் அந்த மணலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். செத்த அன்றைக்குக்கூட அவன் அப்படி அழவில்லை, அன்றைக்குக் கோபம் இருந்தது. விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தை. அந்த வார்த்தைக்குப் பயந்துகொண்டே குழந்தை கிடந்திருக்கிறது. பயத்தைப் போக்கியவனை அதே கையால் அறைந்திருக்கிறான். கலியன் அவனைத் தேற்றவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அழுது முடிக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பிறகு காப்பை அவன் கையில் வைத்து, "மாமாகிட்ட குடுத்துடறேன்னு சொல்லியிருந்தேன்" என்றான்.

மறுநாள் காலை அரங்கநாதன் வாய்க்காலைக் கடந்து தங்கை வீட்டுக்குப் போனான். வழியெல்லாம் ஒரே யோசனை. காப்பைக் கொடுக்கலாம், வண்டியைப் பற்றிச் சொல்லலாம், கலியன் நல்லவன் என்றும் சொல்லலாம். மாமா தோலை உரிச்சிடுவாரு என்றதை மட்டும் விட்டுவிட்டால் என்ன? அதை அறிந்தவர்கள் இருவர்தான், கலியன் வந்து சொல்லப்போவதில்லை. தனக்கொடிக்கு இருக்கிற துக்கம் போதாதா? இப்படியெல்லாம் அவள் பேரைச் சொல்லித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தான். வாசலுக்கு வரும்வரை அவனுக்கு முடிவு தெரியவில்லை.

அவள் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்து முறத்தைக் கீழே வைத்தாள். காப்பை அவள் மடியில் வைத்து, மோட்டார் கதையையும் நல்லவாட்டில் கலியனைப் பார்த்ததையும் சொன்னான். அவள் நசுங்கிய மொட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே கேட்டாள். அழவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, எப்போதும் கேட்கிறதைத்தான் கேட்டாள்.

"கலியனப் பாத்தியே, உசுரு போறப்ப எம் புள்ள இன்னா சொன்னான்னு கேட்டியா?"

அந்தக் கண்களுக்கு முன்னால் எதையும் விட்டுச் சொல்ல அவனால் முடியவில்லை.

"காப்பக் காணோம்னு அழுதானாம். மாமா தோல உரிச்சிடுவாருன்னு அழுதானாம் தனம்."

அவள் விரல் நின்றது.

"அப்புறம்?"

"எங்கிட்டதான் கீது கண்ணுன்னு கலியன் சொன்னானாம். நெசமாவான்னு கேட்டானாம். நெசமான்னானாம். அப்புறம் அழுவலையாம். அவன் கழுத்தக் கட்டிக்கினு..." அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

தனக்கொடி திட்டுவாள் என்று அரங்கநாதன் காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவள் திட்டவில்லை. காப்பைத் தன் மணிக்கட்டில் போட்டுப் பார்த்தாள், நுழையவில்லை. மறுபடி எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"கலியன இட்டுக்கினு வா அண்ணா" என்றாள். "கருவாடு கொண்டாரச் சொல்லு. கூடைய வாசல்ல எறக்கிட்டு, உள்ள வந்து குந்தி, அவன் வாயால எனக்கு இன்னொரு தபா சொல்லட்டும்."

அரங்கநாதன் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்தான். வாய்க்கால் கரையில் வழக்கமாக மோட்டாரை நிறுத்துகிற இடம் காலியாகக் கிடந்தது. அதைத் தாண்டி நல்லவாட்டு வழியில் நடந்தான்.